கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கே: எம்.ஜி.ஆர்., சிவாஜி, எம்.ஆர்.ராதா என்று யாரைப் பற்றிப் படித்தாலும் 'சின்ன வயதில் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தார்' என்று வருகிறதே, அது என்ன கம்பெனி? (வாசகி, கும்பகோணம்)

ஒரு கம்பெனி இல்லை அம்மா, பல. ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (பெண் வேஷம்), பபூன் (கோமாளி) என எல்லா வேஷத்தையும் பையன்களே கட்டி, ஊர் ஊராகப் போய்ப் பாடி நடித்த குழுக்கள். எம்.ஜி.ஆர். இருந்தது மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில். ராதா, ஜெகந்நாதய்யர் கம்பெனியில். சிவாஜி, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையிடம். ஓர் ஊரில் கொட்டகை பிடித்து மாதக்கணக்கில் நடத்துவார்கள். வசூல் இறங்கினால் படுதா, பெட்டி, பையன்கள் எல்லாம் ரயிலேறி அடுத்த ஊர்.

கே: பெரியவர்கள் இருக்கும்போது எதற்குச் சிறுவர்கள்? (வாசகர், பரமக்குடி)

பெரியவர்கள் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை! 'ஸ்பெஷல் நாடகம்' என்ற பெயரில் நடிகர்கள் தனித்தனியாக வந்து மேடையில் சந்தித்துக்கொள்வார்கள். ஒத்திகை கிடையாது. போட்டிக்குப் பாட்டு, வாய்க்கு வந்த வசனம். நாடகப் பாடம் எழுதிய சங்கரதாஸ் சுவாமிகளுக்கு இது எப்படி இருந்திருக்கும்! எழுதியதை எழுதியபடி சொல்லப் பையன்கள்தான் சரி என்று வந்தார். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா என்ற பாய்ஸ் கம்பெனிக்கு வாத்தியாரானார். அங்கே சேர்ந்த டி.கே.சண்முகத்துக்கு அப்போது வயது ஆறு. அந்தப் பையனுக்காகவே 'அபிமன்யு சுந்தரி'யை நூற்றுக்கு மேற்பட்ட பாட்டுகளோடு ஒரே இரவில் எழுதி முடித்தாராம். சண்முகமே எழுதி வைத்திருக்கிறார். சுவாமிகள் 1922-ல் புதுச்சேரியில் காலமானார். சண்முகமும் சகோதரர்களும் 1925-ல் திருவனந்தபுரத்தில் சொந்த சபையே தொடங்கிவிட்டார்கள்.

கே: பையன்கள் வளர்ந்தால் குரல் மாறிவிடுமே, என்ன செய்வார்கள்? (வாசகர், தேனி)

கம்பெனிக்காரர்களின் வயிற்றில் புளி கரைத்த விஷயத்தைக் கேட்டுவிட்டீர்கள். அதற்கு 'மகரக்கட்டு' என்று பெயர். மைக் இல்லாத காலம். கடைசி வரிசைத் தரை டிக்கெட்காரருக்கும் பாட்டு எட்ட வேண்டும். அதற்குத்தான் அந்த உச்சக் குரல். மீசை அரும்பும் வயதில் அது உடைந்தால் நேற்றுவரை தமயந்தி, இன்று கூட்டத்தில் ஒருவன்.

என் பெரியப்பா அப்படிப்பட்ட தமயந்திதான். கம்பெனி பெயர் வேண்டாம். பத்து வயதில் சேர்த்துவிட்டார்களாம். காரணம் கலையார்வம் எல்லாம் இல்லை, அங்கே மூன்று வேளைச் சோறு. விடிகாலையில் எழுப்பிப் பாட்டுச் சாதகம், சுருதி விலகினால் பிரம்பு. நாலு வருஷம் ஓடியது. ஒருநாள் திண்டுக்கல்லில், நளன் விட்டுப்போன காட்டில் நின்று பாடும்போது மேல் ஸ்தாயியில் குரல் பிளந்துவிட்டது. பக்கத்தில் கால் ஹார்மோனியக்காரர் சட்டென்று பின்பாட்டு எடுத்து அந்த அடியை முடித்துக் கொடுத்தாராம். சபையில் பாதிப் பேருக்குத் தெரியவே இல்லை. வாத்தியாருக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த வாரம் பெரியப்பா படுதா இழுத்தார். தை மாதம் ஊருக்கு ரயில் ஏற்றிவிட்டார்கள், கையில் ஒரு வேட்டியும் சட்டையும்.

அப்புறம் சைக்கிள் கடை வைத்து நன்றாகவே வாழ்ந்தார். எழுபது வயதிலும் டியூபைத் தண்ணீரில் அழுத்திக் குமிழி பார்க்கும்போது தமயந்தி புலம்பல்தான் முணுமுணுப்பார். அந்த மேல் ஸ்தாயி இடம் வந்தால் மட்டும் வாயை மூடிக்கொண்டு பம்பை எடுத்து அடிப்பார்.

எல்லோர் கதையும் இப்படி முடியவில்லை. குரல் போனபின் ஹார்மோனியம், மிருதங்கம் என்று ஒதுங்கியவர்கள் உண்டு, காமெடிக்குப் போனவர்கள் உண்டு. பேசும் படம் வந்ததும் பலர் அந்தப் பக்கம் போனார்கள். நாடகப் பாடம் மனப்பாடம், உச்சரிப்பு சுத்தம், வேறென்ன வேண்டும்?

கே: சென்னை அவ்வை சண்முகம் சாலைக்கு 'அவ்வை சண்முகி' படத்தைப் பார்த்துத்தான் பெயர் வைத்தார்களா? (வாசகர், ஆவடி)

தம்பி, தலைகீழ். மேலே சொன்ன அதே சண்முகம்தான். 1942-ல், முப்பது வயதில் அவ்வைக் கிழவி வேஷம் போட்டார், பெயரோடு அவ்வை ஒட்டிக்கொண்டது. கமல் சிறுவனாக அவருடைய குழுவில் இருந்தவர், படத்துக்குப் பெயர் அங்கிருந்து வந்தது.