மலையகத்துக்கு மிஷன் வரப் போறீங்களா? கேட்டவங்களுக்குப் பதில்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சபையில் பல வருஷமாக ஞாயிறு பாடசாலை நடத்துகிறேன். வெளிநாட்டிலிருந்து மிஷன் ஊழியத்துக்கு வருகிற வாலிபர் குழுக்களைக் கூட்டிக்கொண்டு திரிகிற வேலையும் என் தலையில்தான். "வர முன்னாடி என்ன தெரியணுமோ கேளுங்க" என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரியானதைச் சேர்த்துப் பதில் போடுகிறேன்.

டொராண்டோ தம்பி: அக்கா, எனக்கு 22 வயசு. ஆகஸ்டில் ரெண்டு வாரம் லீவு. பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுக்க வரலாமா?

வாங்க. ஆனா ரெண்டு வாரத்தில் யாருக்கும் இங்கிலீஷ் வராது, அதை இப்பவே ஒத்துக்கொள்வோம். டிக்கெட் எடுக்க முன்னாடி பாடசாலைத் தவணை எப்போது என்று கேளுங்க. கொரோனாவுக்குப் பிறகு லீவு நாட்கள் சில வருஷம் முன்னே பின்னே போயிருக்கு.

இங்கே பாடசாலை ஒன்றரைக்கு விடும். அம்மா கொழுந்து நிறுத்துப் போட்டு வீடு வர அஞ்சு மணி ஆகும். இடையில் அந்த மூணரை மணி நேரம்தான் பிள்ளைகள் லயத்து (தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் சும்மா நிற்கிற நேரம். எங்கள் சபைப் பெண் ஒருத்தி அப்போது அவர்களைக் கூட்டி வீட்டுப்பாடம் பார்க்கிறாள். சாதாரண தரம் (பதினோராம் வகுப்புப் பரீட்சை) முடித்தவள், சம்பளம் கிடையாது. நீங்க அவளுக்குப் பக்கத்தில் உட்காருங்க. நாலு விளையாட்டு, நாலு பாட்டு, வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளையை எப்படிப் பிடிப்பது, இதை அவளிடம் விட்டுப் போங்க. நீங்க போன மறுநாளும் அவள் அங்கேதான் இருப்பாள்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சில வருஷத்துக்கு முன் ஒரு குழு வந்து பத்து நாள் நின்றது. பலூன், சொக்லட், தோளில் தூக்கிச் சுற்றுவது, பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. அவர்கள் போன பிறகு மூணாம் வகுப்புப் பையன் ஒருத்தன் கொப்பித் தாள் ஒன்றை நாலாக மடித்துக் கொண்டு வந்தான். உள்ளே பென்சிலால் எழுதின வெளிநாட்டு நம்பர். "டீச்சர், அண்ணன் எப்ப வேணும்னாலும் எடுக்கச் சொன்னாரு. ஒங்க போன்ல இருந்து எடுங்க." எடுத்தேன். மூணு ஞாயிறு எடுத்துப் பார்த்தேன். நாலாவது ஞாயிறு அவன் தாளைக் கொண்டு வரவில்லை.

நம்பர் குடுக்காதீங்க தம்பி. திரும்ப வருவேன் என்றும் சொல்லாதீங்க.

லண்டனில் இருந்து ஒருவர்: டூரிஸ்ட் விசா போதும்தானே? நாங்க சம்பளம் வாங்கப் போறதில்லையே.

போதாது. சுற்றுலா விசாவில் சம்பளம் வாங்குகிற வேலையும் கூடாது, வாங்காத வேலையும் கூடாது. ஆராதனைக்கு வந்து உட்கார்ந்து போவது வேறு, வகுப்பெடுக்கத் திட்டம் போட்டு வருவது வேறு. உங்களை அழைக்கிற சபை கிறிஸ்தவ மத அலுவல்கள் திணைக்களத்தில் பேசித்தான் விசா வழியைப் பார்க்க வேண்டும். சில மாதத்துக்கு முன்பே ஆரம்பிங்க. உங்க நாட்டுப் பொலிஸ் சான்றிதழையும் எடுத்து வைங்க. அதைக் கேட்காமலே "வாங்க வாங்க" என்று பிள்ளைகள் நடுவில் விடுகிற இடம் என்றால், எனக்கு அந்த இடத்தின் மேல்தான் சந்தேகம் வரும்.

சென்னைத் தங்கச்சி: எனக்குத் தமிழ்தான் தாய்மொழி. அதனால எனக்குக் கஷ்டம் இருக்காது, இல்லையா?

பாதிக் கஷ்டம் இருக்காது. பெரட்டு என்றால் காலையில் வேலைக்குப் பேர் குடுக்கிற இடம், பிள்ளைக் காம்பரா என்றால் கைக்குழந்தையை விட்டுவிட்டு அம்மா மலைக்குப் போகிற இடம், சாயத்தண்ணி என்றால் பால் இல்லாத தேத்தண்ணி. ரெண்டு நாளில் பழகிவிடும்.

மற்றப் பாதி, "நீங்கல்லாம் எங்க ஊர்க்காரங்கதானே" என்று அன்பாகச் சொல்வது. வெள்ளைக்காரன் காலத்தில் தோட்ட வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களின் வழிவந்தவர்கள் நாங்கள். 1948 குடியுரிமைச் சட்டம் எங்கள் ஆட்களை நாடில்லாதவர்களாக்கியது. 1964இல் இவர்களை இலங்கையும் இந்தியாவும் பங்கு போட்டுக்கொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்து, அண்ணன் அந்தக் கரை, தம்பி இந்தக் கரை என்று குடும்பங்கள் பிரிந்தன. 2003இல்கூட மிச்சமிருந்தவர்களுக்குக் குடியுரிமை குடுக்க ஒரு சட்டம் தேவைப்பட்டது. அந்த வீட்டுப் பேரனைப் பார்த்து "நீ இந்தியாக்காரன்" என்றால் பாட்டியின் முகத்தைப் பார்க்க முடியாது. மலையகத் தமிழர் என்று சொல்லுங்க.

இன்னொன்று, சுவிசேஷத்தை இங்கே முதலில் கொண்டு வருகிறவர் நீங்க இல்லை. ஆங்கிலிக்கன் சபையார் தோட்டங்களுக்கென்று 1854இலேயே தமிழ் கூலி மிஷன் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பெயரை இன்று வாய்விட்டுச் சொல்ல எங்களுக்கே கூசுகிறது.

பெயர் வேண்டாம் என்றவர்: கடைசி நாளில், இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கை உயர்த்துங்கள் என்று கேட்கலாமா?

எங்கள் வகுப்புக்கு வருகிறதில் பாதிக்கு மேல் சைவப் பிள்ளைகள். மாரியம்மன் திருவிழாவில் தப்பு மேளச் சத்தம் கேட்டதும் முதலில் ஓடுவதும் இவர்கள்தான். வேதாகமக் கதை சொல்கிறோம் என்று பெற்றோருக்குத் தெரியும், தெரிந்துதான் அனுப்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு மேலே போகாதீங்க. பென்சில் பெட்டி குடுத்த கையோடு கேட்டால், எட்டு வயசுப் பிள்ளை எதற்குக் கை தூக்கியது என்று கர்த்தருக்குத்தான் வெளிச்சம். பரிசு காட்டி மதம் மாற்றுகிறார்கள் என்று சொல்லி 2004இல் பாராளுமன்றத்துக்கு ஒரு சட்டமூலமே வந்தது. சட்டமாகவில்லை, ஆனா சந்தேகம் போகவில்லை. நீங்க பிளேன் ஏறிவிடுவீங்க. கதவைத் தட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்லப் போவது எங்கள் பாஸ்டர்.

மெல்பன் அம்மா: மகளுக்கு 17. தனியா அனுப்பலாமா?

வேண்டாம். எங்கள் கணக்கில் அவளும் பிள்ளைதான். நீங்களும் கூட வாங்க.

கொழும்பு வாலிபர்: ஒரு பிள்ளை, வீட்டில் யாரோ அடிக்கிறதாக, தொடுகிறதாகச் சொன்னால்?

நிதானமாகக் கேளுங்க. "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் குடுக்காதீங்க, அந்த வாக்கைக் காப்பாற்ற முடியாது. குடைந்து குடைந்து கேட்கவும் வேண்டாம். பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே அன்றைக்கே எழுதி, சபையில் பிள்ளைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பானவரிடம் குடுங்க. அவர் மூடி மறைக்கப் பார்த்தால் நீங்களே 1929க்கு எடுங்க. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் நம்பர் அது. குற்றம் சொல்லப்பட்டவர் சபை மூப்பராக இருந்தாலும் இதே வழிதான்.

இது எதுவும் நடக்காமலிருந்தாலும் ஒரு பிள்ளையோடு கதவடைத்த அறையில் தனியாக இருக்காதீங்க. எப்போதும் பெரியவர்கள் ரெண்டு பேர்.

பண்டாரவளைத் தம்பி: நான் இங்கிருந்து வெளிநாட்டுக்கு மிஷன் போக ஆசைப்படுறேன். ஒருத்தர் அஞ்சு லட்சம் கேக்கிறார்.

மிஷன் பயணச் செலவை நாமே திரட்டுவது வழக்கம்தான். ஆனா "போனதும் வேலை எடுத்துத் தாறேன்" என்று அவர் சேர்த்துச் சொன்னாரா? சொன்னால் அது மிஷன் இல்லை, ஆள் அனுப்புகிற தொழில். அவருக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரிங்க. அதுவரை ஒரு சதம் குடுக்காதீங்க.

டொராண்டோ தம்பி மறுபடியும்: அட்டை கடிக்குமா அக்கா?

கடிக்கும். உப்பு கொண்டு வாங்க, பிடுங்காதீங்க.