பேரூராட்சி அலுவலகத்தில் கட்சி நிதி கேட்டால் என்ன செய்வது?

கேள்வி: ஈரோடு மாவட்டத்துல ஒரு பேரூராட்சிங்க. கீழே கடை, மேலே வீடு கட்ட பிளான் அனுமதிக்கு எழுதிக் குடுத்து மூணு வாரமாச்சு. விசாரிக்கப் போனா, தலைவர் அவரோட ரூம்லயே உட்கார வெச்சு, கட்சி மாநாட்டு நிதிக்கு 5,000 ரூபாய் போடச் சொல்றாருங்க. ரசீது எழுதறது பில் கலெக்டர். கோயில் நோம்பி வசூல் மாதிரிதான், குடுத்துட்டுப் போங்கன்னு பக்கத்துக் கடைக்காரங்க சொல்றாங்க. இது சட்டப்படி சரிங்களா? நான் என்ன பண்ணணும்?

பதில்: சரியில்லை. நோம்பிக்கு வரி கேட்டு வருகிறவர் கையில் உங்கள் கோப்பு இல்லை. இங்கே கேட்கிறவர் கையில் இருக்கிறது. உங்கள் புகாரும் இந்த இடத்தைப் பிடித்துத்தான் நிற்க வேண்டும்.

அரசு அலுவலக அறைக்குள் கட்சி நிதி கேட்பதை அமெரிக்கா 1883-லேயே தன் மத்திய அரசு அலுவலகங்களில் குற்றமாக்கிவிட்டது. நம்மிடம் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சித் தலைவருக்கு அப்படி ஒற்றை வரிச் சட்டம் இல்லை. அதனால் ‘அலுவலகத்தில் வசூல் செய்கிறார்’ என்று மட்டும் எழுதினால் மனு அப்படியே கிடக்கும். யார் கேட்டார், உங்கள் எந்த வேலை நிலுவையில் இருக்கும்போது கேட்டார் என்பதையும் எழுதுங்கள்.

பில் கலெக்டர் விஷயம் எளிது. அரசு ஊழியர் நடத்தை விதிகள் ஊழியர் கட்சியில் சேர்வதையும், கட்சிக்குப் பணம் கொடுப்பதையும், வேறு எந்த வகையில் உதவுவதையும் தடுக்கின்றன. அவர் ரசீது எழுதிய தேதி, நேரம், முடிந்தால் ரசீதுப் புத்தக எண் ஆகியவற்றைக் குறிப்பிட்டு, ஒழுங்கு நடவடிக்கை கேட்டு செயல் அலுவலருக்கு மனு கொடுங்கள். நகல் பேரூராட்சிகளின் மண்டல உதவி இயக்குநருக்குப் போகட்டும். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்குங்கள், இல்லையென்றால் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

தலைவருக்கு ஊழியர் விதிகள் பொருந்தாது. கட்சி அலுவலகத்திலோ மாநாட்டுப் பந்தலிலோ அவர் நிதி திரட்டுவது அவர் உரிமை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29பி பிரிவும் கட்சிகள் நன்கொடை வாங்க இடம் தருகிறது. ஆனால் அது மனமுவந்து தருவதாக இருக்க வேண்டும். அனுமதிக் கோப்பு மேசையில் இருக்க, எதிரே உட்கார வைத்துக் கேட்பதில் மனமுவப்பு எங்கே இருக்கிறது? இங்கே 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் வருகிறது. ராஜஸ்தான் நகராட்சி உறுப்பினர் ஒருவரின் வழக்கில், கவுன்சிலரும் இந்தச் சட்டப்படி பொது ஊழியர்தான் என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பணம் எனக்கில்லை, கட்சிக்குத்தான் என்ற பதிலும் காப்பாற்றாது. பதவியைத் தவறாகப் பயன்படுத்தி இன்னொருவருக்காக வாங்குவதையும் 7-ஆம் பிரிவு உள்ளடக்குகிறது. தண்டனை 3 முதல் 7 ஆண்டு சிறை.

பலர் தடுக்கி விழுவது அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவில். 2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்தவருக்கு விலக்கு உண்டு, ஆனால் கொடுத்த நாளிலிருந்து 7 நாளுக்குள் போலீசிடமோ விசாரணை அமைப்பிடமோ தெரிவித்திருக்க வேண்டும். அனுமதி கைக்கு வரட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

நீங்கள் இன்னும் கொடுக்கவில்லை என்பதால் உங்கள் நிலை பலமானது. கொடுப்பதற்கு முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள். கட்டணமில்லா எண் 1064. அவர்களிடம் சொல்லிவிட்டு, அவர்கள் சொன்னபடி கொடுப்பது குற்றமாகாது. பினாப்தலின் தடவிய நோட்டுகளை உங்கள் கையால் கொடுக்கச் சொல்வார்கள். வாங்கியவர் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் அது இளஞ்சிவப்பாகும். ஆனால் நிறம் மாறினால் மட்டும் வழக்கு நிற்காது. அவராகவே கேட்டார் என்பதையும் நிரூபிக்க வேண்டும். அதனால் நீங்களாகத் தொகையைச் சொல்லாதீர்கள், பேரம் பேசாதீர்கள். ‘என் பிளான் எப்போங்க கிடைக்கும்?’ என்று கேட்டுவிட்டு அவர் வாயாலேயே வரவிடுங்கள்.

உரையாடலைப் பதிவு செய்திருந்தால் அதை வெட்டாதீர்கள், வாட்ஸ்அப்பில் பரப்பாதீர்கள். பதிவான போனையே பத்திரமாக வையுங்கள். மின்னணு ஆதாரத்துக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதிநியமம் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டியிருக்கும். அசல் கருவி இல்லையென்றால் அதிலேயே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிடிப்பார்.

கியூஆர் அட்டையை நீட்டினால், பணம் அனுப்பாமல் ஸ்கேன் மட்டும் செய்து பாருங்கள். திரையில் தனிநபர் பெயர் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பணம் கட்சிக் கணக்குக்கே போகவில்லை என்ற சந்தேகத்துக்கு அது நல்ல ஆதாரம். ரொக்கத்திலும் ஒன்று இருக்கிறது. ஒருவரிடம் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்க நன்கொடை வாங்கினால் கட்சியின் வருமான வரி விலக்குக்கே சிக்கல் வரும். 5,000 ரூபாயை இரண்டு மூன்று ரசீதாகப் பிரித்து எழுதச் சொன்னால், காரணம் பெரும்பாலும் இதுதான். அதையும் புகாரில் சேருங்கள்.

ஒரு வேறுபாட்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பேரூராட்சியின் சமுதாயக் கூடத்தை எல்லாக் கட்சிக்கும் ஒரே வாடகையில் விடுவது தவறல்ல. ஒரு கட்சிக்கு மட்டும் இலவசமாக விட்டிருந்தால் தவறு. முன்பதிவுப் பதிவேடு, வாடகை ரசீது நகல்களைத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். ‘ஏன் இலவசமாக விட்டீர்கள்?’ என்று விளக்கம் கேட்காதீர்கள், ஆவணத்தைக் கேளுங்கள். விளக்கம் கேட்கும் மனுவைத் தள்ளிவிடுவது சுலபம்.

மக்களவை அல்லது சட்டமன்றத் தேர்தலுக்கான நடத்தை விதி அமலில் இருந்தால், தேர்தல் ஆணையத்தின் புகார்ச் செயலியான சி-விஜிலில் படத்துடன் அனுப்புவது இன்னும் வேகமான வழி.

வார்டு கவுன்சிலர் ஒருவரை இணங்க வைத்து மன்றத்தில் இப்படித் தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள்: “பேரூராட்சி அலுவலகம், தலைவர் அறை, வரி வசூல் மையம், வாரச்சந்தை வளாகம் ஆகிய இடங்களில் எந்தக் கட்சிக்கும் யாரும் நிதி கேட்கவோ, வாங்கவோ, ரசீதுப் புத்தகமோ கியூஆர் அட்டையோ வைக்கவோ கூடாது. பேரூராட்சிப் பணியாளர்கள், வாகனங்கள், தொலைபேசி இதற்குப் பயன்படக் கூடாது.” வாரச்சந்தையை விட்டுவிடாதீர்கள். கடை ஏலமும் சுங்கமும் பேரூராட்சி கையில் இருப்பதால் அங்கே ‘முடியாது’ என்று சொல்வது வியாபாரிக்கு இன்னும் கடினம். மன்றம் எடுத்துக்கொள்ள மறுத்தால், இதே வாசகத்தைக் கோரிக்கையாக எழுதி, பாதிக்கப்பட்ட வியாபாரிகள் கையெழுத்துடன் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் கொடுத்து, மனு எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள்.