விடுப்பில் வந்த இன்ஸ்பெக்டர்

ஐயா, ஏற்காட்டில் நடக்கும் துப்பறியும் குறுநாவல் ஒன்று எழுதுகிறேன். டிசம்பர் மாதம். விடுப்பில் வந்த சென்னைக் குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர், காபித் தோட்டத்தில் மேஸ்திரி ஒருவர் இறந்து கிடப்பதைப் பார்க்கிறார். பக்கத்தில் கிடந்த, செடியின் கிளைகளை வெட்டும் கவாத்துக் கத்தியைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு விசாரணையைத் தொடங்குகிறார். நம்பும்படி இருக்கிறதா?
வாசகர், ஆத்தூர்

வணக்கம்.

முதலில் அந்தக் கத்தியைத் தொடாமல் இருக்கச் சொல்லுங்கள். கைக்குட்டை உரசினாலே ரேகை கெடும். மகஜரில் (சம்பவ இடத்தில் சாட்சிகள் முன் போலீஸ் எழுதும் பதிவு) ஏறுவதற்கு முன் இடம் மாறிய பொருளை எதிர்த்தரப்பு வக்கீல் சும்மா விடமாட்டார். உங்கள் நாயகன் அங்கே ஒரு சாட்சி, அவ்வளவுதான். அவர் கை கட்டப்பட்டிருப்பதுதான் இந்தக் கதைக்குப் பலம், அதை அவிழ்த்துவிடாதீர்கள்.

உள்ளூர் ஸ்டேஷனில் முதலில் பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற விசாரணை நடைமுறைச் சட்டம்) 194-இன் கீழ் சந்தேக மரணம் என்றே பதிவாகும் (2024 ஜூலை 1-க்கு முந்தைய கதை என்றால் பழைய நடைமுறைச் சட்டமான சி.ஆர்.பி.சி. 174). அக்கம்பக்கத்தார் இருவராவது பஞ்சாயத்தாராக இருக்க, பிரேத விசாரணை நடக்கும். பிறகு உடல் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் அரசு மருத்துவமனைக்குப் போகும். கொலைச் சந்தேகம் உள்ள உடலை இரவில் அறுக்கக் கூடாது என்பது 2021-இல் மத்திய சுகாதார அமைச்சகம் சொன்ன விதி. சட்டம் ஒழுங்குப் பிரச்சினை வந்தால் மட்டும் விலக்கு. ஆக, மாலையில் கிடைத்த உடலுக்கு மறுநாள்தான் பரிசோதனை. கொலை என்று தெரிந்ததும் வழக்கை பி.என்.எஸ். (புதிய தண்டனைச் சட்டம்) 103-க்கு, அதாவது கொலைப் பிரிவுக்கு மாற்றுவார்கள்.

இடையில் கிடைக்கும் இரவில் அவர் யோசிக்கட்டும். சென்னை வெக்கையில் பழகியவர், உடல் விறைப்பாக இருப்பதைப் பார்த்து 'நேற்று ராத்திரி' என்று கணக்குப் போடுவார். மலைக்குளிரில் விறைப்பு மெதுவாக ஏறி, நெடுநேரம் நிற்கும். சாவு அதற்கும் முந்தியதாக இருக்கலாம். உடலைத் தூக்கியபோது அடியில் சில்வர் ஓக் சருகு மொறுமொறுவென்று காய்ந்தும், சுற்றிலும் நனைந்தும் கிடந்ததா? அப்படியானால் மழைக்கு முன்பே விழுந்திருக்கிறார். அறுவடைக் காலத்தில் பறித்த பழத்தை அன்றன்றே எடை போட்டு எழுதுவார்கள். அந்த நோட்டில் மேஸ்திரியின் கையெழுத்து எந்த நாளோடு நிற்கிறது என்பதைப் பழம் பறிக்கும் பெண்களே சொல்லிவிடுவார்கள்.

கத்தியே ஒரு துப்புதான். பெரிய கவாத்து அறுவடை முடிந்த பிறகு நடப்பது. டிசம்பரில் அது ஏன் வெளியே வந்தது?

டீக்கடையில் அவர் பேச்சுக் கொடுக்கலாம், வாக்குமூலம் வாங்க முடியாது. அதை உள்ளூர் இன்ஸ்பெக்டர் பி.என்.எஸ்.எஸ். 180-இன் கீழ் பதிவார். அதில் சாட்சியிடம் கையெழுத்து வாங்கும் காட்சி வேண்டாம், சட்டப்படி வாங்கக் கூடாது. சாட்சி சொன்ன பழம் பறிக்கும் பெண் பின்னால் மாற்றிப் பேசுவார் என்ற பயம் இருந்தால், 183-இன் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் அழைத்துப் போகட்டும்.