அல்ட்ராசவுண்டும் நரம்பும்: ஐந்து நிமிட சிட்டிங்கில் என்னதான் நடக்கிறது?

கேள்வி: சார், எங்க கிளினிக்கில் வலிக்கு அல்ட்ராசவுண்ட் (ஒலி அலை சிகிச்சை) வைக்கும்போது எல்லாருக்குமே 1 மெகாஹெர்ட்ஸ், 1 வாட், 5 நிமிஷம். முதுகானாலும் முழங்கையானாலும் அதே செட்டிங். சரிதானா? (பிசியோதெரபி இறுதியாண்டு மாணவி)

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கம்மா. 1 மெகாஹெர்ட்ஸில் ச.செ.மீ.க்கு 1 வாட் கன்டினியூவஸாக (இடைவிடாமல்) வைத்தால் தசையின் சூடு நிமிடத்துக்குச் சுமார் 0.2 டிகிரி செல்சியஸ் ஏறும். 3 மெகாஹெர்ட்ஸில் 0.6 டிகிரி. 1990களில் அமெரிக்காவில் டிரேப்பர் குழுவினர் தசைக்குள்ளேயே வெப்ப ஊசியைச் செருகி அளந்த கணக்கு இது. அப்படியானால் உங்கள் ஐந்து நிமிடத்தில் கிடைப்பது 1 டிகிரி. இறுகிப்போன திசுவை நீட்டுவதற்கு 4 டிகிரியாவது ஏற வேண்டும். 1 மெகாஹெர்ட்ஸில் 1.5 வாட் வைத்தாலும் அதற்கு 13 நிமிடம் ஆகும். 3 மெகாஹெர்ட்ஸில் 1 வாட்டுக்கு 7 நிமிடம் போதும், ஆனால் தோலிலிருந்து 2 செ.மீ. ஆழம் வரைதான் எடுபடும். டென்னிஸ் எல்போவுக்கு 3, இடுப்புத் தசைக்கு 1.

இந்தக் கணக்கும் சின்ன இடத்துக்குத்தான் செல்லும். ஒலி நிஜமாக வெளியே வரும் பரப்பை ஈ.ஆர்.ஏ. என்கிறோம், புரோப்பிலோ (தோலில் வைத்துத் தேய்க்கும் கைப்பிடி) மேனுவலிலோ போட்டிருக்கும். அதைப் போல இரண்டு மடங்கு இடம், அவ்வளவுதான். 5 ச.செ.மீ. புரோப் என்றால் இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை ஒட்டி வைத்த அளவு. அதே புரோப்பை வைத்து இடுப்பு முழுக்கத் தேய்த்தால், நோயாளிக்குக் கிடைப்பது ஜெல் மசாஜ்.

சூடு ஏற்றியபின் ஸ்ட்ரெட்ச்சைத் தள்ளிப் போடாதீர்கள். 3 மெகாஹெர்ட்ஸில் ஏற்றிய சூடு மூன்று நிமிடம்போலத்தான் பயன்படும் நிலையில் நிற்கும். கடைசி இரண்டு நிமிடம் புரோப் ஓடும்போதே ஸ்ட்ரெட்ச்சை ஆரம்பித்துவிடுவது நல்லது.

கேள்வி: அல்ட்ராசவுண்ட் நரம்பைத் தூண்டிவிடும் என்று நோயாளிகளிடம் சொல்கிறோம். உண்மையா?

பதில்: சொல்லாதீர்கள். தூண்டுவது டென்ஸ், ஐ.எஃப்.டி. போன்ற, தோல் வழியே மின்சாரம் கொடுக்கும் கருவிகளின் வேலை. தெரபி அளவில் அல்ட்ராசவுண்ட் நரம்பில் செய்வது பெரும்பாலும் சூட்டின் வேலை. சூடு ஏறினால் நரம்பில் மின்துடிப்பை உண்டாக்கும் சோடியம் வாயில்கள் சீக்கிரம் திறந்து சீக்கிரம் மூடும். அதனால் கடத்தும் வேகம் டிகிரிக்குச் சுமார் 2 மீட்டர்/விநாடி கூடும். ஆனால் ஒவ்வொரு துடிப்பும் குறுகிவிடும், அலையின் உயரமும் குறையும். வேகம் கூடியது என்பதற்காக நரம்பு குணமானது என்று அர்த்தமில்லை. ஆறினதும் பழைய வேகத்துக்கே திரும்பும்.

மயலின் உறை (நரம்பைச் சுற்றியுள்ள கொழுப்பு உறை) தேய்ந்த நரம்பில் இது எதிராகவே போகலாம். துடிப்பு குறுகினால் அடுத்த கணுவை (உறையில் இடைவெளி விட்ட இடம்) எழுப்பும் அளவுக்கு மின்னோட்டம் போதாமல் அங்கேயே நின்றுவிடும். எம்.எஸ். (மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், மூளை, தண்டுவட நரம்புகளின் மயலின் உறை தேயும் நோய்) நோயாளிகளுக்கு உடம்பு சூடானால் பார்வையும் கைகால் பலமும் மங்குவதற்குக் காரணம் இதுதான். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: என்.சி.வி. டெஸ்ட் (நரம்பு கடத்தும் வேகத்தை அளப்பது) இருக்கும் நாளில் அந்தக் கைக்கு அல்ட்ராசவுண்ட் வேண்டாம், ரிப்போர்ட்டே மாறிவிடும். டெஸ்ட்டின்போது கையின் தோல் 32 டிகிரிக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வதும் இதற்காகத்தான்.

கேள்வி: எனக்கு கார்பல் டன்னல் (மணிக்கட்டில் நரம்பு அழுந்துவது). விரல் மரத்துப்போகுது. பத்து சிட்டிங் எடுத்தேன், ஒன்றும் தெரியலையே?

பதில்: எந்த அளவில் வைத்தார்கள் என்று கேளுங்கள். 1998இல் வியன்னாவில் நடந்த ஆய்வில் போலி சிகிச்சையைவிட நல்ல பலன் வந்தது. அங்கே வைத்தது 1 மெகாஹெர்ட்ஸ், 1 வாட், பல்ஸ்டு 1:4 (விட்டு விட்டு, ஒரு பங்கு ஒலி, நாலு பங்கு ஓய்வு), ஒவ்வொரு முறையும் 15 நிமிடம். முதல் இரண்டு வாரம் வாரத்துக்கு ஐந்து, அடுத்த ஐந்து வாரம் வாரத்துக்கு இரண்டு, ஆக 20 சிட்டிங். அதே ஆண்டு வந்த இன்னோர் ஆய்வில் கன்டினியூவஸாக 5 நிமிடம், 10 சிட்டிங் மட்டும். போலிக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. அளவு மாறியதால்தான் முடிவும் மாறியது என்று அடித்துச் சொல்ல முடியாது. மொத்த ஆதாரமும் மெலிந்ததே. என் கருத்தைக் கேட்டால், ராத்திரியில் மணிக்கட்டை நேராக வைக்கும் ஸ்பிளின்ட் முதலில், அல்ட்ராசவுண்ட் அதற்குத் துணை. கட்டைவிரல் மேடு வற்ற ஆரம்பித்திருந்தால் இரண்டையும் விட்டு சர்ஜனைப் பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 15 வருஷமா சுகர். பாதம் எரியுதுங்கிறாங்க. வைக்கலாமா?

பதில்: சூடேற்றும் அளவில் வேண்டாம். எரிச்சல் தெரிகிற பாதத்தில் சூடு தெரியாமல் இருக்கலாம். அளவு மிஞ்சும்போது நோயாளி “சுடுது” என்று சொல்வதுதான் நமக்குப் பாதுகாப்பே. வெந்நீர், குளிர்ந்த நீர் ஊற்றிய இரண்டு டெஸ்ட் டியூபை மாற்றி மாற்றித் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு எது எதென்று சொல்கிறார்களா பாருங்கள். தடுமாறினால் நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: முழங்கை உட்பக்கம் வைக்கும்போது “எலும்புக்குள்ள குடையுது” என்கிறார்கள். நரம்பு வலியா?

பதில்: பெரும்பாலும் எலும்புறை. எலும்பு ஒலியை வெகுவாக உறிஞ்சிக்கொள்ளும், சூடு அந்த உறையில் சேரும். சுண்டுவிரலுக்குப் போகும் அல்நார் நரம்பும் அங்கே எலும்பை ஒட்டியே ஓடுகிறது. புரோப்பை நிறுத்தி வைத்தீர்களா? பி.என்.ஆர். (கற்றையின் உச்ச தீவிரம் சராசரியைப் போல எத்தனை மடங்கு என்ற எண்) 6 உள்ள புரோப்பில் 1.5 வாட் வைத்தால் கற்றையின் நடுவில் ஓரிடத்தில் 9 வாட் அடிக்கும். விநாடிக்கு 4 செ.மீ. வேகத்தில் வட்டமாக ஓட்டுங்கள், தீவிரத்தைக் குறையுங்கள். அப்படியும் குடைந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள்.

கேள்வி: காலில் பிளேட் போட்டவருக்கு?

பதில்: உலோகம் சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும். புரோப் ஓடிக்கொண்டிருந்தால் குறைந்த அளவில் வைக்கலாம். சிமென்ட், பிளாஸ்டிக் உள்ள செயற்கை மூட்டின் மேல் கூடாது. கர்ப்பிணியின் வயிறு, இடுப்பு, புற்றுக்கட்டி, ரத்தம் உறைந்த கால், பேஸ்மேக்கர் இருக்கும் இடம், கண் ஆகியவற்றின் பக்கமே போகாதீர்கள்.

கேள்வி: மெஷின் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: புரோப்பைக் கவிழ்க்காமல் முகப்பு மேலே இருக்கப் பிடித்து, நாலு சொட்டு தண்ணீர் விட்டு ஆன் செய்யுங்கள். தண்ணீர் நடுங்கிக் குமிழிட்டால் ஒலி வருகிறது. எத்தனை வாட் என்பது இதில் தெரியாது. அதற்கு ஆண்டுக்கொரு முறை காலிபரேஷன் (அளவு சரிபார்ப்பு) வேண்டும். சொட்டு காய்வதற்குள் அணைத்துவிடுங்கள். காற்றில் ஒலி போகாமல் திரும்பி, புரோப்புக்குள் ஒலியை உண்டாக்கும் கிரிஸ்டல்தான் சூடாகும். ஜெல்லுக்குப் பதில் வெள்ளை கிரீம் தடவுகிறவர்களுக்கும் இதே கதிதான். பெரும்பாலான வெள்ளை கிரீம்கள் ஒலியை வழியிலேயே தடுத்துவிடும்.