வெல்டிங் இல்லாமல் காமாட்சி விளக்கின் தட்டை ஒட்டுவது: கடலூர்த் தம்பிக்கு

தம்பி, கடலூர் ஓ.டி.யிலிருந்து பாரிசுக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். அம்மா கொடுத்தனுப்பிய பித்தளைக் காமாட்சி விளக்கின் பின்தட்டு, பெட்டியில் வரும்போதே கழன்றுவிட்டது. அங்கே வெல்டிங் பட்டறை எங்கே இருக்கும், இல்லாவிட்டால் வீட்டிலேயே ஒட்ட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள்.

வீட்டிலேயே முடியும். பட்டறையைத் தேடி அலைய வேண்டாம். மெல்லிய பித்தளையில் வெல்டிங் வைத்தால் தட்டு ஓட்டையாகிவிடும். அதோடு இவ்வளவு சின்ன வேலையை அங்கே யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எடுத்தாலும் கூலி விளக்கின் விலையைத் தாண்டும்.

நான் புதுச்சேரி முத்தியால்பேட்டைக்காரன். பிரான்சுக்குப் போய் இருபத்திரண்டு வருடம் ஆகிறது. இப்போது விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருக்கிறேன். உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு நேற்று எங்கள் தெருப் பத்தரிடம் போய் உட்கார்ந்தேன். கரியை மூட்டி, வெங்காரம் தடவி, பற்றவைக்கும் உலோகப் பொடி வைத்து ஊதுகுழலால் ஊதி ஒரு கொலுசுக் கண்ணியைச் சேர்த்தார். "அழுக்கு இருந்தா பொடி ஓடாது சார்" என்றார். இந்த வேலையில் முக்கால்வாசி அழுக்கெடுப்பதுதான்.

அவர் வைக்கும் பொடி உருக 600 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். வாடகை வீட்டில் அது வேண்டாம். உங்களுக்கு வேண்டியது ஈயப் பற்று. ரசம் வைக்கும் ஈயச்சொம்பை வெறுமனே அடுப்பில் வைத்தால் உருகி உட்கார்ந்துவிடும், பார்த்திருப்பீர்கள். அதே வெள்ளீயம்தான், 232 டிகிரியில் உருகும். கொஞ்சம் செம்பு கலந்த பற்றுக்கம்பி 227லேயே உருகும். நம் ஊரில் ஈயம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். காரீயம் வேறு, அது விஷம். காரீயம் கலந்த கம்பி சுலபமாக ஓடும் என்பது உண்மைதான், ஆனால் தினம் கையால் தொட்டுத் துடைக்கும் விளக்குக்கு அது வேண்டாம். தண்ணீர்க் குழாய்க்கென்று விற்கும் காரீயம் இல்லாத கம்பியைக் கேளுங்கள். அங்கே கடையில் பிரெஞ்சில் ஈயத்துக்கு 'எத்தேன்' என்பார்கள், பற்று ஓட உதவும் பசைக்குத் 'தெக்காப்பான்'.

முதலில் எண்ணெய்ப் பிசுக்கை எடுங்கள். வருஷக்கணக்கில் எண்ணெய் குடித்த விளக்கு அது. சலவை சோடா போட்ட கொதிநீரில் கால் மணி நேரம் ஊற வையுங்கள். அப்புறம் புளி போட்டுத் தேயுங்கள், சேர வேண்டிய இரண்டு விளிம்பையும் மட்டும் உப்புத்தாளால் பளிச்சென்று தேயுங்கள். தேய்த்த இடத்தில் விரல் படக்கூடாது. பசையைத் தடவி, தட்டை அதன் இடத்தில் வைத்து, மெல்லிய இரும்புக் கம்பியால் அசையாமல் கட்டிவிடுங்கள்.

ஈயத்தை உருக்கும் சால்டரிங் அயர்ன் வேண்டும். ரேடியோ ரிப்பேருக்கு வைத்திருக்கும் 25 வாட் அயர்ன் இதற்குப் போதாது. பித்தளை சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 80 அல்லது 100 வாட் வேண்டும். நான் செய்வது இப்படி: கட்டிய விளக்கை ஓவனில் 120 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து எடுத்து, துணி பிடித்து, காய்ந்த மரப்பலகையில் வைப்பேன். டைல்ஸ் மேல் வைத்தால் சூடு கீழே இறங்கிவிடும். அயர்னை விளக்கின் மேல் அழுத்திப் பிடித்து, பற்றுக்கம்பியை அயர்னில் தொடாமல் பித்தளையில் தொடுங்கள். சூடு பற்றாவிட்டால் ஈயம் உருண்டையாக நிற்கும். பற்றிவிட்டால், காய்ந்த தோசைக்கல்லில் விட்ட நெய் மாதிரி ஒரே கணத்தில் இடுக்குக்குள் ஓடிவிடும். மஞ்சள் பித்தளையில் ஒரு வெள்ளிக் கோடு தெரியும். அந்தப் பளபளப்பு லேசாக மங்கும் வரை மூச்சுவிடாமல் பிடியுங்கள், அசைத்தால் பற்று விரிசல் விட்டுவிடும். ஆறியதும் சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். பசை மிச்சம் இருந்தால் பச்சைக் களிம்பு ஏறும்.

காஸ் டார்ச் வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அடுக்குமாடி வீட்டுக்குள் வேண்டாம், தம்பி. 2015 மார்ச்சிலிருந்து பிரான்சில் எல்லா வீட்டிலும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக் காப்பீடும் எடுத்திருக்க வேண்டும். நெருப்பு பிடித்தால் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும், அதுவும் வந்த புதிதில். அயர்ன் வைக்கும்போதும் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

இரண்டு குழாய்ப் பசை, அதாவது எபாக்சி, மோசமானதில்லை. குடைக் கம்பி, பெட்டிக் கொக்கி போன்ற சூடு படாத சாமானுக்கு நன்றாகவே பிடிக்கும். சூடு பட்டால் இளகும். நான் வந்த முதல் குளிர்காலத்தில் தாளிக்கும் கரண்டியின் காம்பை அப்படி ஒட்டினேன். ஒரு வாரம் தாங்கியது. எட்டாம் நாள் கொதிக்கும் எண்ணெயோடு கரண்டி தனியே விழுந்தது. வலது கால் மேல் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. கைப்பிடி என்றால் ரிவெட்தான்: 4 மில்லி ரிவெட்டுக்கு 4.1 மில்லி துளை போட்டு, கைக் கருவியால் இழுத்துவிடலாம். அலுமினியத்தில் சாதாரண ஈயம் ஒட்டவே ஒட்டாது. மேலே படியும் ஆக்சைடு படலம் விடாது. அதற்கும் ரிவெட்டே மேல்.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் 'ரிப்பேர் கஃபே' என்று விசாரியுங்கள். 2009இல் ஆம்ஸ்டர்டாமில் தொடங்கியது, பிரான்சில் பல ஊர்களில் நடக்கிறது. தன்னார்வலர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பார்கள். வந்த புதிதில் பிரெஞ்சு பேசிப் பழகவும் அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைக்கவில்லை.

பற்று வைத்ததும் எண்ணெய் ஊற்றிவிடாதீர்கள். தண்ணீர் ஊற்றி, செய்தித்தாள் மேல் ஒரு ராத்திரி வையுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் அந்த இடத்தில் மட்டும் மறுபடி பசை, மறுபடி சூடு.

அடுத்த மாதம் பாரிசுக்குப் பக்கத்திலுள்ள சர்செல் திரும்பிவிடுவேன். அதுவரை பொறுக்க முடிந்தால் அயர்ன் வாங்க வேண்டாம், என்னுடைய 100 வாட் சும்மாதான் கிடக்கிறது. விளக்கைத் துணியில் சுற்றி எடுத்து வாருங்கள். கழன்ற தட்டைத் தனியாகச் சுற்றுங்கள், விளிம்பு வளைந்துவிடப் போகிறது.