புள்ளியியல் படித்த மகள் சமூகவியல் ஆய்வுக்குப் போகலாமா?

அன்புள்ள ஐயா,

வணக்கம். பி.எஸ்சி. புள்ளியியல் இறுதியாண்டில் இருக்கும் உங்கள் மகள், கையெட்டும் தூரத்தில் இருக்கும் தரவு அறிவியல் வேலையை விட்டுவிட்டு, நகர ஏற்றத்தாழ்வு, குடியேற்றம், குற்றம் ஆகியவற்றை ஆராயும் சமூகவியலில் அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற விரும்புவதாக எழுதியிருக்கிறீர்கள். மேடையில் அரசியல்வாதிகள் பேசுவதைப் பல்கலைக்கழகத்தில் ஆறு ஆண்டு படிக்க என்ன இருக்கிறது, குற்றம் மலிந்த பகுதிகளில் ஒரு பெண் எப்படித் தனியாகச் சென்று வருவாள், இதைப் படித்தால் பிழைப்புக்கு வழி உண்டா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். மூன்றாவதுதான் உங்களை அதிகம் உறுத்துகிறது என்பது தெரிகிறது. ஆயினும் முதல் கேள்விக்கே நான் கூடுதல் இடம் தரப்போகிறேன். இத்துறையில் அன்றாடம் நடப்பது என்ன என்று தெரிந்தால்தான் உங்கள் மகளின் புள்ளியியல் வீணாகுமா என்பதைத் தீர்மானிக்க முடியும்.

இத்துறையின் பெரும்பகுதி வளர்ந்தது சிகாகோவில். அங்கு க்ளிஃபர்ட் ஷா, ஹென்றி மெக்கே என்ற இரு சமூகவியலாளர்கள் சிறார் நீதிமன்றப் பதிவுகளைப் பல பத்தாண்டுகளுக்குத் தொகுத்து, வழக்கில் சிக்கிய ஒவ்வொரு சிறுவனின் வீட்டையும் வரைபடத்தில் புள்ளியாகக் குறித்து, 1942இல் முடிவுகளை வெளியிட்டார்கள். நகர மையத்தை ஒட்டிய ஏழைப் பகுதிகளில் முதலில் ஜெர்மானியரும் ஐரிஷ்காரரும் இருந்தார்கள். அவர்கள் வசதி பெற்று வெளியேறியபின் போலந்து, இத்தாலி மக்கள் வந்தார்கள். குடியிருந்தவர்கள் மாறியும், சிறார் குற்ற விகிதம் அதே பகுதிகளில்தான் உயர்ந்து நின்றது. வெளியேறியவர்களின் பிள்ளைகளிடம் அந்த விகிதம் தொடரவில்லை. குற்றம் ஓர் இனத்தின் குணம் என்ற அக்காலப் பேச்சுக்கு, வாதம் ஏதுமின்றிக் கணக்கால் சொல்லப்பட்ட பதில் அது.

அதன் பிறகு அந்த நகரமே மாறிப்போனது. தெற்கு சிகாகோவின் இரும்பாலைகளில் ஒன்று 1980இலும் இன்னொன்று 1992இலும் மூடப்பட்டன. வேலை போன பகுதிகளிலிருந்து வசதியுள்ள கறுப்பினக் குடும்பங்களும் வெளியேறிவிட, மிஞ்சியவர்களிடம் வறுமை ஒரே இடத்தில் குவிந்தது என்பதைச் சமூகவியலாளர் வில்லியம் ஜூலியஸ் வில்சன் 1987இல் விரிவாக நிறுவினார். ஏற்றத்தாழ்வு என்பது ஒரு குடும்பத்தின் வருமானத்தோடு முடிந்துவிடாமல் அந்தத் தெருவின் நிலையாகவும் ஆகிவிடுகிறது என்ற பார்வை அங்கிருந்துதான் வலுப்பெற்றது.

உங்கள் மகள் ஆர்வத்தோடு பேசுவதாகச் சொல்லும் ஆய்வு, அநேகமாக ராபர்ட் சாம்ப்சன், ஸ்டீபன் ராடன்புஷ், ஃபெல்டன் ஏர்ல்ஸ் ஆகியோர் 1997இல் வெளியிட்டதாக இருக்கும். சிகாகோவை 343 பகுதிகளாகப் பிரித்து, 8,782 பேரை நேரில் பேட்டி கண்டார்கள். உங்கள் தெருமுனையில் பள்ளிக்குப் போகாத பிள்ளைகள் கூடி நின்றால் அக்கம்பக்கத்தார் தட்டிக் கேட்பார்களா, வீட்டு வாசலில் சண்டை நடந்தால் யாராவது விலக்கி விடுவார்களா, ஒருவருக்கொருவர் ஒத்தாசையாக இருப்பீர்களா என்பன போன்ற, நம் ஊர்த் திண்ணையில் கேட்கக்கூடிய கேள்விகள்தாம். அந்தப் பதில்களைக் கூட்டி ஒவ்வொரு பகுதிக்கும் ஓர் அளவு கண்டபோது, வறுமையையும் பிற காரணிகளையும் கணக்கில் கொண்ட பிறகும், அந்த அளவு உயர்ந்த பகுதிகளில் வன்முறை குறைவாக இருந்தது. தனிமனிதர்களின் பதில்களைப் பகுதி என்ற மேல்படியோடு இணைத்துக் கணக்கிடும் பல்படிநிலை மாதிரிகளை வளர்த்தெடுத்தவர்களில் ராடன்புஷ் முக்கியமானவர். அவருடைய பணியின் மையம் புள்ளியியல்தான் என்பதைக் கவனியுங்கள்.

அந்தப் பேட்டிகள் அடங்கிய அதே ஆய்வுத் திட்டத்தில், 1995இல், இருபுறமும் காணொளிக் கருவி பொருத்திய வண்டி ஒன்று நடக்கும் வேகத்தில் சிகாகோவின் 23,000க்கும் மேற்பட்ட தெருப்பகுதிகளைப் படம் பிடித்துச் சென்றது. பிறகு பயிற்சி பெற்றவர்கள் அந்தப் படங்களைப் பார்த்து, குப்பை, காலி மதுப்புட்டி, சுவர்க் கிறுக்கல், கைவிடப்பட்ட கார் என்று ஒவ்வொன்றையும் குறித்தார்கள். உடைந்த சன்னலைச் சரி செய்யாவிட்டால் குற்றம் பெருகும் என்ற கருத்து அப்போது காவல்துறையில் பெரும் செல்வாக்குடன் இருந்தது. ஆனால் வறுமைக் குவிப்பையும் அக்கம்பக்கத்தாரின் ஒத்துழைப்பையும் கணக்கில் சேர்த்ததும், தெருவின் அலங்கோலத்துக்கும் பெரும்பாலான குற்றங்களுக்கும் இடையிலான தொடர்பு ஏறக்குறைய மறைந்துவிட்டது. வழிப்பறி மட்டும் விதிவிலக்காக நின்றது. இந்தத் துறையில் பெருமைக்குரிய பல முடிவுகளுக்குப் பின்னால் இப்படிப்பட்ட சலிப்பூட்டும் உழைப்புதான் இருக்கிறது. உங்கள் மகளுக்குப் பொறுமை எவ்வளவு என்பதை நீங்கள்தான் அறிவீர்கள்.

இனி குடியேற்றம். அமெரிக்கத் தேர்தல் மேடைகளில், வெளிநாட்டிலிருந்து வருவோரால் குற்றம் பெருகுகிறது என்பது நூறாண்டுப் பழைய முழக்கம். சாம்ப்சன் குழுவினர் ஏறத்தாழ 3,000 சிகாகோ இளைஞர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2005இல் வெளியிட்ட ஆய்வில், குடியேறிய முதல் தலைமுறையினர் வன்முறையில் ஈடுபடும் வாய்ப்பு, பெற்றோரும் அமெரிக்காவிலேயே பிறந்த மூன்றாம் தலைமுறையினரைவிட 45 விழுக்காடும், இரண்டாம் தலைமுறையினருக்கு 22 விழுக்காடும் குறைவாக இருந்தன. பிறகு ரான் அப்ரமிட்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 1870 முதல் 2020 வரையிலான மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை அலசி, குடியேறிய ஆண்கள் ஒரு தொகுதியாக, அங்கேயே பிறந்தவர்களைவிட அதிக விகிதத்தில் சிறையில் இருந்த காலமே இல்லை என்று கண்டார்கள். ஆயினும், துணிந்து கடல் கடப்பவர்களே வேறு வகை மனிதர்களா, அவர்கள் குவியும் பகுதி பாதுகாப்பாகிறதா, நாடு கடத்தப்படுவோம் என்ற அச்சம் கட்டிப்போடுகிறதா என்ற காரணக் கேள்விகள் முடிந்தபாடில்லை. மேடைப் பேச்சாளருக்கு முதல் எண்ணிக்கையே போதும். ஆய்வாளருக்கு வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது. உங்கள் முதல் கேள்விக்கு என் பதில் இதுவே.

பாதுகாப்பைப் பற்றி. சென்னையில் பிறந்து, இளங்கலையில் கணிதம் படித்துவிட்டு, வில்சனின் மாணவராகச் சிகாகோ சென்ற சுதிர் வெங்கடேஷ், பதினாறு மாடிக் கட்டடங்கள் 28 வரிசையாக நின்ற ராபர்ட் டெய்லர் குடியிருப்பில் போதைப்பொருள் கும்பலோடு ஆண்டுக்கணக்கில் பழகி ஆய்வு செய்தவர். தொடக்கத்திலேயே அந்தக் கும்பல் அவரை ஓர் இரவு முழுவதும் பிடித்து வைத்திருந்ததாக அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். உங்கள் மகள் இப்படிப்பட்ட கதைகளைப் படித்து மயங்கியிருந்தால், அது வழிகாட்டியாகாது என்று எடுத்துச் சொல்லுங்கள். இன்று மனிதர்களை வைத்துச் செய்யும் எந்த ஆய்வும் பல்கலைக்கழக நெறிக்குழுவின் ஒப்புதலோடுதான் தொடங்க முடியும்; அத்துடன் இத்துறையில் பலர் கணினி முன்னால் அமர்ந்தே காலம் தள்ளுகிறார்கள். நெருங்கிப் பழகும் களப்பணியே அவருக்கு விருப்பமானால், அந்தத் தேர்வை முனைவர் பட்டத்தின் மூன்றாம் ஆண்டில், வழிகாட்டியின் துணையோடு செய்யலாம்.

பிழைப்பு விஷயத்தில் நான் இனிப்பாகப் பேசப்போவதில்லை. அமெரிக்காவில் சமூகவியல் பேராசிரியர் பணியிடங்கள், பட்டம் பெறுவோரின் எண்ணிக்கைக்கு ஈடாக இல்லை. 2025இல் சில பெரிய பல்கலைக்கழகங்கள் சமூக அறிவியல் முனைவர் சேர்க்கையையே குறைத்தன, சில துறைகள் நிறுத்திவைத்தன. எனவே, பேராசிரியராகவில்லை என்றாலும் நிற்கக்கூடிய தரை வேண்டும். புள்ளியியல் அடித்தளம் உள்ள சமூகவியலாளருக்கு அது உண்டு: கொள்கை ஆய்வு நிறுவனங்கள், கணக்கெடுப்பு அமைப்புகள், பொதுச் சுகாதாரத் துறைகள், நகராட்சிகள் ஆகியவை காரணத்தையும் தற்செயலையும் பிரித்தறியத் தெரிந்தவர்களைத் தேடுகின்றன. ஏழைகளுக்கான அரசுக் குடியிருப்புகளில் இருந்த குடும்பங்கள் சுமார் 4,600ஐச் சீட்டுக் குலுக்கலால் பிரித்து, சிலருக்கு வறுமை குறைந்த பகுதிக்குப் போக வாடகை உதவி வழங்கிய பரிசோதனை ஒன்று 1994இல் ஐந்து அமெரிக்க நகரங்களில் தொடங்கியது. பெற்றோரின் வருமானம் உயரவில்லை என்று கண்டு பலரும் அதைத் தோல்வி என்றார்கள். தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த ராஜ் செட்டி, நேதனியல் ஹெண்ட்ரன், லாரன்ஸ் காட்ஸ் ஆகிய பொருளாதார அறிஞர்கள் வரித்துறைப் பதிவுகளோடு இணைத்துப் பார்த்து, 13 வயதுக்கு முன் இடம் மாறிய பிள்ளைகளின் பிற்கால வருமானம் 31 விழுக்காடு உயர்ந்திருந்ததை 2016இல் காட்டினார்கள். இந்த வகைத் திறமைக்குச் சமூகவியலுக்கு வெளியேயும் சம்பளம் உண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள்: கட்டணம் செலுத்திப் படிக்கும் அமெரிக்க முதுகலை சமூகவியலுக்காகக் கடன் வாங்காதீர்கள், வீட்டையும் நிலத்தையும் அடமானம் வைக்காதீர்கள். நல்ல முனைவர் திட்டங்கள் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து, கற்பித்தல் அல்லது ஆய்வு உதவிக்கு மாத உதவித்தொகையும் தருகின்றன. அது இல்லாத இடத்துக்குப் போகவே வேண்டாம். நமது மூன்றாண்டு இளங்கலையைப் பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் நேரடியாக ஏற்பதில்லை என்பதால், எப்படியும் இங்கே முதுகலை முடிப்பது நல்லது. டெல்லி பொருளியல் பள்ளி, ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஹைதராபாத் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் சமூகவியல் துறைகளுக்கு மதிப்புண்டு. கட்டணமும் உங்களால் தாங்கக்கூடியதே. முதுகலையோடு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்துவிட்டால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் வரும். அமெரிக்கக் கதவு திறக்காமல் போனாலும் ஆய்வு நிற்காது.

அதற்கு முன் இந்த விடுமுறையில் அவர் ஒரு வேலையைச் செய்து பார்க்கட்டும். சிகாகோ நகராட்சி 2001 முதலான குற்றப் பதிவுகளை ஒவ்வொரு சம்பவமாக இணையத்தில் இலவசமாகத் தருகிறது. நகரின் 77 சமூகப் பகுதிகளுக்கான வறுமை விகிதமும் வெளிநாட்டில் பிறந்தோர் விகிதமும் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் தரவுகளிலிருந்து கிடைக்கும். ஆர் (R) என்ற புள்ளியியல் மென்பொருளில் இவற்றை இணைத்து, தமக்குத் தோன்றும் ஒரு கேள்விக்கு விடை காணட்டும். பிறகு அந்த விடை எங்கெல்லாம் தவறாகலாம் என்று, காவல்துறையில் புகார் கொடுக்க அஞ்சுபவர்களின் கணக்கு விடுபடுவது உட்பட, பத்துப் பக்கம் எழுதட்டும். முதல் பாதியில் களித்து இரண்டாம் பாதியில் சலித்தால், தரவு அறிவியல் வேலையே அவருக்குப் பொருந்தும் என்பது என் கருத்து. இரண்டாம் பாதி முதல் பாதியைவிட நீண்டுவிட்டால், முதுகலை நுழைவுத் தேர்வான கியூட்டுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அதன் பதிவு வழக்கமாக ஆண்டிறுதியையொட்டித் தொடங்கும். எழுதிய பக்கங்களை எனக்கும் அனுப்பச் சொல்லுங்கள், படித்துவிட்டு அவரிடமே பேசுகிறேன்.

அன்புடன்,
உங்கள் கல்வி ஆலோசகர்