லைட் ஸ்டாண்ட் தூக்கவா விஸ்காம் படிக்க வைத்தோம்?

கரூரிலிருந்து ஒரு தந்தை எழுதியிருக்கிறார். மகள் சென்னையில் விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) முடித்து இரண்டு வருடம் ஆகிறது. முதலில் ஒரு கல்யாண போட்டோகிராபரிடம் வேலை பார்த்தாள். பிறகு ஆன்லைனில் துணி விற்கும் ஒரு நிறுவனத்தில் இருந்தாள். இப்போது விளம்பரப் படம் எடுக்கும் ஒருவரிடம் உதவியாளர். "ஓர் இடத்திலும் நிலைக்க மாட்டேன் என்கிறாள். லைட் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு அலைகிறாள். இதில் கேமராவுக்கு மூன்று லட்சம் வேறு கேட்கிறாள். நகையை அடகு வைக்கலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

ஐயா, நகை பீரோவிலேயே இருக்கட்டும். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். அதற்கு முன் அந்த "நிலைக்கவில்லை" என்ற கவலையைப் பேசிவிடுவோம்.

வங்கி வேலைக்கும் ஆசிரியர் வேலைக்கும் இருப்பதுபோல் படிப்பு, தேர்வு, பணி நியமனம் என்ற நேர்வழி விளம்பரப் புகைப்படத்துக்கு இல்லை. வேறு வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள்தான் இங்கே அதிகம். இந்திய ஃபேஷன் புகைப்படத்தில் பெரிய பெயரான பிரபுத்த தாஸ்குப்தா முதலில் விளம்பர நிறுவனத்தில் வாசகம் எழுதிக்கொண்டிருந்தவர். நம்மூர் கே.வி. ஆனந்த் பத்திரிகைகளுக்குப் படம் எடுத்தார். அப்புறம் ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமிடம் உதவியாளராகச் சேர்ந்தார். 1994-இல் வெளியான ஒரு மலையாளப் படத்துக்காக ஒளிப்பதிவுக்கான தேசிய விருது வாங்கினார். பிறகு இயக்குநரும் ஆனார். இவர்களைச் சொல்வதால் உங்கள் மகளும் அந்த உயரத்துக்குப் போய்விடுவாள் என்று உறுதி கொடுப்பதாக நினைக்க வேண்டாம். வேலை மாறுவது இந்தத் துறையில் தோல்விக்கு அடையாளம் இல்லை என்பதற்காகவே சொன்னேன்.

மாறும்போது கையில் என்ன சேர்ந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். கல்யாண வேலையில் அவளுக்கு வேகம் வந்திருக்கும். தாலி கட்டும் நொடியைத் தவறவிட்டால் "இன்னொரு முறை கட்டுங்கள்" என்று கேட்க முடியாது. ஆன்லைன் நிறுவனத்தில் ஒழுங்கு வந்திருக்கும். அமேசான் போன்ற தளங்களில் முதன்மைப் படத்தின் பின்னணி சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும், பொருள் சட்டகத்தில் 85 சதவீதத்தையாவது நிறைக்க வேண்டும் என்றெல்லாம் கறாரான விதிகள் உண்டு. நாள் முழுக்க நைட்டியும் டி-ஷர்ட்டும் எடுப்பது சலிப்பான வேலைதான். ஆனால் நூறாவது உடையும் முதல் உடையைப் போலவே வர வேண்டும் என்ற பழக்கம் வேறெங்கும் அவ்வளவு சீக்கிரம் வராது.

இப்போது அவள் தூக்கும் ஸ்டாண்டுக்கு வருவோம். எவர்சில்வர் குடத்தைப் படம் எடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்கள் மகளிடமே கேட்டுப் பாருங்கள். நேராக லைட் போட்டால் குடத்தில் தெரிவது லைட்டும் கேமராவும் எடுப்பவரின் முகமும்தான். சுற்றிலும் வெள்ளைத் துணியும் அட்டையும் கட்டி, அவற்றில் வெளிச்சம் விழச்செய்து, அது குடத்தில் தெரியும்படி எடுக்க வேண்டும். விளிம்பு துலங்க ஓரத்தில் கறுப்பு அட்டை வைப்பார்கள். பட்டுச்சேலை என்றால் தொல்லை வேறு மாதிரி. எதிரிலிருந்து வெளிச்சம் வந்தால் ஜரிகை செத்துப்போகும், பக்கவாட்டிலிருந்து வந்தால்தான் மின்னும். அதே நேரம் அரக்குச் சிவப்பு தக்காளிச் சிவப்பாக மாறிவிடக் கூடாது. நிறம் மாறிப்போனால் வாங்கியவர் சேலையைத் திருப்பி அனுப்புவார், கடைக்காரர் போட்டோகிராபரைத் திட்டுவார். இதையெல்லாம் யூடியூபில் பார்க்கலாம். ஆனால் பார்த்தால் மட்டும் கை படியாது. ஸ்டாண்டை அரை அடி நகர்த்தியதும் படம் எப்படி மாறுகிறது என்று பக்கத்தில் நின்று பார்ப்பவர் உதவியாளர்தான். மாதா மாதம் கொஞ்சம் பணமும் கொடுத்து இதைக் கற்றுத் தருகிறார்கள் என்றால் விடக் கூடாது.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஆறு மாதம் கழித்தும் அதே பையைத்தான் தூக்குகிறாள், லைட் அமைக்கவோ எடுத்த படத்தைக் கணினியில் திருத்தவோ விடவில்லை, பேசிய சம்பளமும் ஒழுங்காக வரவில்லை என்றால் அந்த இடத்தை விட்டு வரச் சொல்லுங்கள். இரவு நேர ஷூட், வெளியூர் ஷூட் என்றால் யார் யார் வருகிறார்கள், எங்கே தங்குகிறார்கள் என்று கேட்டுக்கொள்வதில் தவறில்லை. நல்ல இடங்களில் கேட்காமலேயே சொல்லிவிடுவார்கள்.

மேலும் படிக்க வேண்டுமா? கட்டாயம் இல்லை. விருப்பம் இருந்தால் ஊட்டிக்கு அருகே லவ்டேலில் லைட் அண்ட் லைஃப் அகாடமி என்ற புகைப்படப் பள்ளி இருக்கிறது. குஜராத்தின் காந்திநகரில் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தின் முதுகலைப் புகைப்படப் படிப்பும் இருக்கிறது. இன்னும் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போனால் கட்டும் பணத்துக்குப் பலன் அதிகம்.

வருமானம் எப்போது நிலைக்கும் என்றும் கேட்டிருந்தீர்கள். மாதச் சம்பளம் போல ஒரே சீராக வராது. ஆனால் இந்தத் தொழிலுக்கும் ஒரு பருவம் உண்டு. ஆடியில் கல்யாணம் இல்லை, கல்யாண போட்டோகிராபர் சும்மா இருப்பார். ஜவுளிக்கடைக்கோ அது ஆடித் தள்ளுபடிக் காலம், தீபாவளி விளம்பர ஷூட்டுக்கும் அதையொட்டியே ஏற்பாடு தொடங்கிவிடும். சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்கள் ஆடிப்பெருக்கை ஒட்டி வெளியாகும். கல்யாண வேலை, விளம்பர வேலை இரண்டும் தெரிந்தவருக்கு வருடத்தில் காலி மாதங்கள் குறைவு. உங்கள் மகள் தெரிந்தோ தெரியாமலோ இரண்டையும் கற்றுவிட்டாள். கரூரில் திரை, படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்பவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். கேட்லாக் படத்துக்கு அவர்கள் யாரைத் தேடுகிறார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். இந்த ஓர் உதவியை அவளைவிட நீங்கள்தான் நன்றாகச் செய்ய முடியும்.

செயற்கை நுண்ணறிவு பற்றியும் சொல்லிவிடுகிறேன். வெள்ளைப் பின்னணியில் சட்டை எடுக்கும் வேலையை அது ஏற்கெனவே கடித்துத் தின்ன ஆரம்பித்துவிட்டது. மாடலே இல்லாமல் மாடல் போட்ட மாதிரி படம் வந்துவிடுகிறது. அதனால் கேட்லாக் வேலையை மட்டும் நம்பி உட்காருவது ஆபத்து. தொழிற்சாலை, சமைத்த உணவு, நிஜ மனிதர்கள், பளபளக்கும் பொருள்கள் என்று இடத்துக்கு நேரில் போய் எடுக்க வேண்டியவற்றில் அவள் கை வைக்கட்டும்.

சரி, கேமரா. சொந்த வாடிக்கையாளர் இல்லாத உதவியாளருக்கு மூன்று லட்ச ரூபாய் கேமரா தேவையில்லை. வடபழனி, சாலிகிராமம் பக்கம் கேமராவும் லென்ஸும் லைட்டும் நாள் வாடகைக்குக் கிடைக்கின்றன. வேலை வந்தால் அந்த வாடகையையும் கணக்கில் சேர்த்து விலை சொல்லலாம். பழகுவதற்குச் செகண்ட் ஹேண்ட் கேமராவும் ஒரே ஒரு நல்ல லென்ஸும் போதும். பணம் கொடுத்தே தீர வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால், நிறத்தைச் சரியாகக் காட்டும் ஒரு மானிட்டர் வாங்கிக் கொடுங்கள். வாடகைச் செலவே கேமராவின் மாதத் தவணையைத் தாண்டும் நிலை வந்தால், அப்போது கேமராவைப் பேசலாம்.

தனியாக வேலை எடுக்கத் தொடங்குமுன் சில காகித வேலைகளை முடித்துவிடட்டும். சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். சிறு, குறு நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர்களுக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்கு மேல் இழுத்தடிக்கக் கூடாது. விளம்பர உலகில் பணம் வர மாதக்கணக்கில் ஆகும் என்பதால் இந்தப் பதிவு கைகொடுக்கும். சேவைத் தொழிலுக்கு ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவைப்படாது. இன்னொன்று, நம் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில், ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, மாற்றி எழுதிக்கொள்ளாவிட்டால், அவர்தான் உரிமையாளர். ஆகவே, "என் வேலை மாதிரியாக இந்தப் படங்களைக் காட்டிக்கொள்ளலாம்" என்ற ஒரு வரியை ஒவ்வொரு கொட்டேஷனிலும் அவள் போட வேண்டும். இப்போது வேலை பார்க்கும் இடத்திலும், தான் லைட் அமைத்த படங்களைக் காட்ட அனுமதி உண்டா என்று மெயிலில் கேட்டு வாங்கிவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.